வடக்குக் கொல்லை மண்

நெடுஞ்செவல்,
அரிமளம் வழி.
2.8.2024

நம்ம புதுக்கோட்டையத் திருச்சியிலருந்து பிரிச்சுத் தனி ஜில்லா ஆக்குனது ஒரு பொங்கலன்னிக்கு. அந்த வருசம் கோடையில நாடு பூராவும் ரயில் ஓடாம நின்னுச்சு. நம்ம செவலைப் பசு ரெட்டைக் கன்னு போட்டு ஒண்ணுதான் தங்குச்சு. பெரிய கண்மாய் வெடிச்சுக் கெடந்து, உள்ள ஊத்துத் தோண்டிக் குடிச்சோம். அந்த வருசந்தான் உன் கையெழுத்துல இந்த வீட்டுக்குக் கடைசியா ஒரு காயிதம் வந்தது. அடுத்த காயிதம் போன வாரம் வந்திருக்கு. நடுவுல அம்பது வருசம்.

தங்கச்சி அழகிக்கு அண்ணன் இன்னாசி சொல்லி எழுத வைக்கிறது. சூசையப்பர் புண்ணியத்துல இங்க எல்லாரும் சொகம். உன் சொகமும் உன் மக மோகனப்ரியா சொகமும் அறிய ஆவல். எனக்கு எழுத்து வாசனை இல்லைங்கிறது ஒனக்குத் தெரியும். இப்பக் காதும் போச்சு, போனுல பேசுனா ஒண்ணும் வெளங்காது. இதை எழுதுறது நம்ம ஊரு தபாலாபீசுப் பிள்ளை பிரகதீஸ்வரி. உன் காயிதத்த அதுதான் கத்திப் படிச்சுச்சு. பென்சன் வாங்க வந்த பொம்பளைக அம்புட்டுப் பேரும் காதைக் குடுத்துக்கிட்டு நின்னாளுக.

மக வீட்டு மாடியில நாப்பது பை வச்சு, கத்திரியும் மிளகாயும் போட்டு, எல்லாம் மஞ்சளாப் போச்சுன்னு எழுதியிருக்க. கடையில பையோட வாங்குனது மண்ணே இல்ல, தேங்கா நாரு. நாரு தண்ணியப் பிடிச்சு வைக்கும், சத்தப் பிடிக்காது. கழுவாத நாரா இருந்தா உப்பு வேற. செம்மண்ணு ரெண்டு பங்கு, மக்குன எரு ஒரு பங்கு, மணலு அரைப் பங்கு, பைக்கு ஒரு கை வேப்பம் புண்ணாக்கு. இதுக்கு மேல எவன் எதைச் சொன்னாலும் கேக்காத. எரு மக்கிருச்சான்னு பாக்கக் கையை உள்ள விடு. சூடு இருந்தா ஆகல. மோந்து பாரு, மாட்டு வாடை அடிச்சாலும் ஆகல. மொத மழை வாடை வரணும். பச்சை எருவப் போட்டா வேரு வெந்துரும், அப்புறம் செடியக் குத்தம் சொல்லி என்ன செய்ய.

ரெண்டு சாக்கு மண்ணு கேட்டிருக்க. அனுப்புறேன். ஒடம்பப் பாத்துக்க.

இப்படிக்கு,
இன்னாசி (கைநாட்டு)


கோயம்புத்தூர்.
20.8.2024

அன்புள்ள அண்ணனுக்கு அழகி எழுதுவது. நான் நலம். முழங்கால் மட்டும் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. உங்க உடம்புக்கும், மருமகள் சுபாவுக்கும், சிங்கப்பூரில் இருக்கும் உங்க மகன் செம்மலுக்கும் குறை ஒன்றும் இருக்காது என்று நம்புகிறேன். தெரசு மதனி கொரோனாவில் போன சேதி எனக்கு ஆறு மாசம் கழித்து வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்தது. என் வீட்டுக்காரர், இவர் போய் இந்த ஐப்பசியோடு ஏழு வருசம். அந்தச் சேதி உங்களுக்கு வந்திருக்கும். வந்ததாக நீங்கள் காட்டிக்கொள்ளவில்லை.

உரக் கணக்கெல்லாம் விவரமாகச் சொல்லியிருக்கீங்க. அந்த வருசத்துக் கதையையும் பசு கன்னு போட்டது வரைக்கும் வரிசையாகச் சொல்லியிருக்கீங்க. அதே வருசம் நம்ம வீட்டில் இன்னொன்றும் நடந்தது. ரயில் நின்ற அதே மாசம். அது மட்டும் விட்டுப்போச்சு போலிருக்கு. போகட்டும்.

எனக்கு எந்த மண்ணு வேணும்னு போன கடிதத்தில் சொல்லவில்லை, என் தப்பு. வடக்குக் கொல்லை மண்ணுதான் வேணும். நம்மைப் பெத்த அய்யா நிலக்கடலை ஆய்ந்துவிட்டு வந்தால் கை ரேகையெல்லாம் சிவந்து இருக்குமே, அந்த மண். பொடிப்பொடியாகச் சரளைக்கல் கிடக்கும். வேறு எதுவும் வேண்டாம். கண்மாய் மண்ணு கட்டாயம் வேண்டாம்.

பிரகதீஸ்வரிக்கு: இதைப் படித்துச் சொல்வதற்கு நன்றி அம்மா.

இப்படிக்கு,
அழகி


நெடுஞ்செவல்.
15.9.2024

தங்கச்சி அழகிக்கு அண்ணன் சொல்லிக்கிறது. சூசையப்பர் காவல்ல எல்லாரும் சொகம். செம்மல் அடுத்த வருசம் வாரேன்னு சொல்லியிருக்கான். போன வருசமும் அப்படித்தான் சொன்னான்.

நேத்து அரிமளம் பார்சல் ஆபீசுல ரெண்டு சாக்கு ஏத்திவிட்டிருக்கேன். ஒனக்கு வேணுங்கிற வடக்குக் கொல்லை மண்ணுதான். நானே மம்பட்டி பிடிச்சு வெட்டி, நானே சலிச்சேன். சரளையும் கெடக்கும், பாத்துக்க. கூட ஒரு பையில ஆட்டு எரு வச்சிருக்கேன். அதைத் தூளாக்கி மேலாப்புல போடு, வேர்ல படாம. ஆட்டு எரு சூடு.

வந்ததும் பையில கொட்டிராத. நெழல்ல பரப்பி நாலு நா காத்தாட விடு. தண்ணி தெளிச்சுப் பெறட்டு. கையில பிடிச்சா உருண்டை நிக்கணும், கட்டை விரலால ஒரு தட்டுத் தட்டுனா உதுரணும். நிக்காட்டி எரு பத்தல. உதுராட்டிக் களிமண்ணு சாஸ்தி, மணலு சேரு.

இந்த மாதிரி மண்ணு ஒனக்குக் கோயம்புத்தூர்ல கெடைக்காது. வேற விசேசம் ஒண்ணுமில்ல.

இப்படிக்கு,
இன்னாசி (கைநாட்டு)


கோயம்புத்தூர்.
6.10.2024

அண்ணனுக்கு அழகி வணக்கம். நலம். நீங்க நலமா? மூட்டை ரெண்டும் பழுதில்லாமல் வந்து சேர்ந்தது.

சொன்ன மாதிரியே நிழலில் பரப்பினேன். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த மண்ணு வந்தாலும் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டுத் தண்ணி ஊற்றிக் குலுக்கி வைப்பேன். மறுநாள் பார்த்தால் மணல் கீழே, களி மேலே என்று தனித்தனியாகப் படிந்திருக்கும். உங்க மண்ணில் அதோடு இன்னொன்றும் மிதந்தது. நத்தை ஓடு. மிளகு அளவில், வெள்ளை வெள்ளையாக, பதினேழு எண்ணினேன். வடக்குக் கொல்லையில் நத்தை ஏது அண்ணே? மேட்டு நிலத்தில் மழைக்காலத்திலேயே தண்ணி நிற்காது. இது கண்மாய் வண்டல்.

சரளையும் கிடந்தது, நீங்க சொன்ன மாதிரியே. ஆனால் அதில் நாலு கல்லில் தார் ஒட்டியிருக்கிறது.

மில்லில் முப்பது வருசம் பஞ்சில் தூசி பொறுக்கின கண்ணு இது. ரோட்டோரம் கிடக்கும் கல்லைப் பொறுக்கிக் கண்மாய் மண்ணில் கலந்து, சாக்குக் கட்டி, பார்சல் போட்டு அனுப்பியிருக்கீங்க. எண்பது வயசில் இத்தனை பாடு. கொல்லை மண்ணை வெட்டி அனுப்புவது இதைவிடச் சுலபம் இல்லையா? மகளிடம் காட்டினேன். சிரிசிரியென்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏன் என்று மட்டும் சொல்லுங்க.

அழகி


நெடுஞ்செவல்.
18.11.2024

அழகிக்கு. இங்க சொகம். அங்க எப்படி? நடுவுல மழை, தபாலாபீசு ஒழுகுச்சு, அதான் பதில் போடல. அதுவும் பொய்யின்னு ஒனக்குத் தோணும். தோணட்டும்.

வடக்குக் கொல்லையில மண்ணு இல்ல. இருவத்தாறு வருசமாத் தைலமரம் நிக்குது. கடலை போட ஆளு கெடைக்கல, கெணறு வத்திப்போச்சு, ஊர்ல எல்லாரும் தைலக் கன்னு வச்சான், நானும் வச்சேன். மூணு வெட்டு வெட்டியாச்சு. முன்னால அது செவப்பா இருந்த எடம்னு சொன்னா இப்ப எவனும் நம்ப மாட்டான். சாம்பல் மாதிரி கெடக்கு. ஒரு அருகம்புல்லு மொளைக்காது, ஆடு கூட அங்கிட்டு எறங்காது. அதை வெட்டிச் சாக்குல கட்டி எப்படி அனுப்புறது? அதான் கண்மாய்ல எடுத்தேன். நல்ல மண்ணு அது. நல்ல மண்ணத்தான அனுப்புனேன், விசமா அனுப்புனேன்? கண்ணு சரியாத் தெரியல, தாரு ஒட்டியிருந்தது தெரியல. அதுக்கு மக சிரிச்சாளாக்கும். சிரிக்கட்டும். அவளுக்கு நான் தாய்மாமன், அவ மூஞ்சியக்கூட நான் பாத்ததில்ல.

நீ கோச்சுக்கிட்டுப் போன. வரல. ஆத்தா சாவுக்கும் வரல. இங்க கெடந்து பாடுபட்டது நாங்க. மழை இல்லாத வருசமெல்லாம் அந்தக் கொல்லையக் கட்டி அழுதது நான். இப்ப வந்து, மண்ணு செவப்பா இல்லைன்னு கேக்குற.

இத்தோட ஒரு டப்பாவுல நெசமான வடக்குக் கொல்லை மண்ணு வச்சிருக்கேன். பாத்துக்க. பாட்டில்ல போட்டுக் குலுக்கிக்க.

இன்னாசி (கைநாட்டு)


கோயம்புத்தூர்.
2.12.2024

அண்ணனுக்கு. நலம். டப்பா வந்தது.

மண்ணைத் தட்டில் கொட்டித் தண்ணி தெளித்தேன். மண்ணு தண்ணியை வாங்கவில்லை. முத்து முத்தாக உருண்டு தட்டு ஓரத்துக்கு ஓடுது. விரலால் கிளறிவிட்டு மறுபடி ஊற்றினேன். மேலே மட்டும் நனைந்தது, உள்ளே பொடியாகவே கிடக்கு. உடம்பில் எண்ணெய் தடவிக்கொண்ட மாதிரி. அய்யா வேர்வை அத்தனை குடித்த மண்ணு.

நீங்கள் கண்மாய் மண்ணு அனுப்பியதற்கு எனக்குக் கோபம் இல்லை. வடக்குக் கொல்லை என்று சொல்லி அனுப்பினீங்க பாருங்க, அங்கேதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு பொய்யை இத்தனை பாடுபட்டுச் செய்கிறவர் வேறொன்றையும் செய்திருக்கலாம்.

அதனால் கேட்கிறேன். பிரகதீஸ்வரி, சத்தமாகவே படி அம்மா.

அந்த மே மாசம் ரயில் ஓடவில்லை. அய்யா கடைசியாகக் கிடக்கிறார் என்று தந்தி வந்து, பஸ் மாறி மாறி ஒன்றரை நாள் வந்தேன். இவர் உள்ளே வந்தால் ஊரில் பேச்சாகும் என்று அரிமளத்திலேயே இறங்கி நின்றுகொண்டார். நான் வரும்போது பெட்டியைக் குழிக்குள் இறக்கியாச்சு. முகம் பார்க்கவில்லை. எல்லாரும் மூணு கை மண்ணு போட்டாங்க. நானும் குனிந்து ஒரு கை அள்ளினேன். நீங்க வந்து என் மணிக்கட்டைப் பிடிச்சீங்க. "அவ கை மண்ணு என் மேல விழக்கூடாதுன்னு அய்யா சொல்லிட்டுத்தான் செத்தாரு" என்று ஊர் கேட்கச் சொன்னீங்க. நான் கையை விரித்து அந்த மண்ணை என் காலடியிலேயே போட்டுவிட்டு நடந்தேன்.

அந்த ஆடியில் ஆத்தாவுக்கு ஒரு கடிதம் போட்டேன். அய்யா நிஜமாகவே அப்படிச் சொன்னாரா என்று மட்டும் கேட்டு. பதில் இல்லை. பதில் இல்லாததையே பதிலாக எடுத்துக்கொண்டேன். வேற சாதி, வேற சாமி என்று பாராமல் இவரை, ஐயனாரை, கட்டிக்கொண்டதற்கு அய்யா சாகும்வரை என்னை மன்னிக்கவில்லை என்று அம்பது வருசம் அதோடு படுத்து அதோடு எழுந்தேன். இவர் கூட நல்லபடியாகச் சிரித்த நாளில் எல்லாம் அது வந்து நடுவில் உட்காரும்.

அய்யா என்ன சொன்னார்?

அழகி


நெடுஞ்செவல்.
5.1.2025

தங்கச்சி அழகிக்கு அண்ணன் சொல்லிக்கிறது. சூசையப்பர் புண்ணியத்துல சொகம். பிறந்த வருசம் ஒனக்கும் பிள்ளைக்கும் நல்லா இருக்கட்டும்.

தட்டுல தண்ணி ஓடுதுன்னு எழுதியிருந்த. அந்த மண்ணு அப்படித்தான். அதைத் தூக்கிப் போட்டுரு. எரு போடுறதுக்கு இப்ப ஒரு வழி சொல்றேன். மாடியிலயே பழைய டிரம்மு ஒண்ணு வையி, அடியில ஓட்டை போடு. காஞ்ச எலை ஒரு கட்டு, அது மேல காய்கறித் தோலு ஒரு கட்டு, ஒரு கை பழைய எரு, இப்படியே அடுக்கு. புளிச்ச மோரு தெளி. சோறு போடாத, எலி வரும். பத்து நாளைக்கு ஒருக்கப் பெறட்டு. பெறட்டாம விட்டா அடியில அழுகி நாறிப்போகும், மேல பாத்தா ஒண்ணும் தெரியாது. மூணு மாசத்துல ஆயிரும்.

பொங்கலுக்கு இங்க ஒண்ணும் விசேசமில்ல.

இன்னாசி (கைநாட்டு)


கோயம்புத்தூர்.
20.1.2025

அண்ணனுக்கு. நலம்.

நான் கேட்டது எரு இல்லை.

அழகி


நெடுஞ்செவல்.
24.3.2025

அழகிக்கு இன்னாசி.

ரெண்டு மாசம் ஆச்சு. ஒடம்புக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருந்தேன். இதைச் சொல்லணும்னா பிரகதீஸ்வரிகிட்டச் சொல்லணும். நான் மெல்லச் சொல்றதா நெனச்சுச் சொல்றது வெளிய வேப்பமரத்தடி வரைக்கும் கேக்குமாம். செவிடனுக்குக் குசுகுசுன்னு பேச வராது. ஆளில்லாத நேரமாப் பாத்து எத்தனையோ நா வந்தேன். வந்த அன்னைக்கெல்லாம் ஆளு. இன்னைக்கும் நாலு பொம்பளைக நிக்கிறாளுக. "தாத்தா, நாளைக்கு வேணா எழுதுவமா"ன்னு இந்தப் பிள்ளை கேக்குது. நீ எழுது ஆத்தான்னுட்டேன். கேக்குறவ கேக்கட்டும்.

அய்யா செத்த அன்னைக்குக் காலையில மூணு தடவ கேட்டாரு. "அழகி வந்தாளா?" ரயில் ஓடலைன்னு ஆத்தா சொன்னுச்சு. மறுபடி கேட்டாரு. மறுபடி சொன்னுச்சு. மூணாந்தடவ கேட்டுட்டு, "வந்தா வடக்குக் கொல்லைய அவளுக்கு விட்டுருங்கடா. அவளுக்கு நான் ஒண்ணும் செய்யல"ன்னாரு. அதுதான் கடைசிப் பேச்சு. பெறகு மூச்சுத்தான்.

உன் கை மண்ணு விழக்கூடாதுன்னு அய்யா சொல்லல. நான் சொன்னேன். குழி ஓரத்துல, நீ குனியறதப் பாத்துட்டு, அந்த நேரத்துல நானா உண்டாக்குனேன். ஊரு பாக்க நீ மண்ணப் போட்டுட்டா, நீயும் அவரு மகதான்னு ஆயிரும். அப்புறம் அய்யா சொன்னத எப்படி இல்லைங்கிறது? ஒனக்கு ரோசம் சாஸ்தி. அப்படி ஒரு வார்த்தை சொன்னா நீ திரும்பி இந்தத் தெசைக்கே வரமாட்டன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன்.

பெரியண்ணன் ஆரோக்கியதாசும் பக்கத்துலதான் நின்னாரு. அவருக்கு நெசம் தெரியும். வாயத் தெறக்கல. தெக்குக் கொல்லை அவருக்கு வந்துச்சு. ஆடியில நீ ஆத்தாவுக்குப் போட்ட காயிதத்த நம்ம கோயில் உபதேசியாரு படிச்சாரு, ஆத்தாகிட்ட இல்ல, எங்கிட்ட. நான் அடுப்புல போட்டேன். நீ எழுதவே இல்லைன்னு நெனச்சுக்கிட்டே ஆத்தா செத்துச்சு.

அந்தக் கொல்லைக்காகத்தான். இப்ப அதுல ஒரு புல்லு மொளைக்கல. ஒனக்கு எழுதி வச்சுர்றேன், பத்திரத்துக்கு ஆளு பாத்துட்டேன். செம்மல்கிட்டக் கேக்கல, கேக்க மாட்டேன்.

பொம்பளைக ரெண்டு பேரு வெளிய போயிட்டாளுக.

இன்னாசி (கைநாட்டு)

அம்மா, அவர் சொன்னதைச் சொன்ன மாதிரியே எழுதியிருக்கிறேன். ஒரு சொல்லும் நான் சேர்க்கவில்லை, விடவும் இல்லை. – பிரகதீஸ்வரி


கோயம்புத்தூர்.
7.4.2025

இன்னாசி அண்ணே,

நலம் கேட்க மனசு வரல. இனி உன்னை 'நீங்க, வாங்க' என்று மரியாதையாக எழுதவும் வரல. சின்னப் பிள்ளையில் கூப்பிட்ட மாதிரியே எழுதுறேன்.

உன் கடிதத்தை மாடியில் உட்கார்ந்து நாலு தடவை படிச்சேன். மகளிடம் காட்டல. முதலில் அழுதேன், பொய் சொல்வானேன். அய்யா மூணு தடவை கேட்டாரா. மூணு தடவை. அந்த வார்த்தையைக் கையில் வச்சுக்கிட்டு ஒரு பகல் பூரா உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் பாட்டிலைப் பார்த்தேன். நீ அனுப்பின மண்ணு இன்னும் சன்னலில்தான் இருக்கு, நத்தை ஓடு மிதந்துக்கிட்டு.

வடக்குக் கொல்லை மண்ணுன்னு சொன்ன, அது கண்மாய் மண்ணு. அய்யா அப்படிச் சொன்னாருன்னு குழியடியில் சொன்ன, இப்ப அது நீயா உண்டாக்கினதுங்கிற. இப்ப அய்யா என்னைத் தேடினாருன்னு சொல்ற. இதை மட்டும் நான் எதை வச்சு நம்புறது? வயசாயிருச்சு, சாகுறதுக்கு முன்னால மனசு லேசாகட்டும்னு இதையும் நீ உண்டாக்கியிருக்கலாம். கிழவி ஆசைப்படுறதைச் சொன்னா நம்பிருவாள்னு. எனக்கு நம்பணும்னு ஆசை அண்ணே. ஆசை இருக்கிறதாலதான் பயமா இருக்கு.

பத்திரம் வேண்டாம். தைலந்தோப்பை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய. அம்பது வருசம் வச்சிருந்த, மிச்சத்துக்கும் நீயே வச்சுக்க.

எனக்கு ஒரே ஒரு பேரு போதும். அய்யா அப்படிக் கேட்டப்ப அங்கே இருந்து காதால் கேட்டவங்க, உன்னைத் தவிர. உயிரோட இருக்கிற ஒரு ஆள். எங்கே இருந்தாலும் சொல்லு. முழங்காலைக் கட்டிக்கிட்டாவது வந்து கேட்டுக்கிறேன்.

அழகி


நெடுஞ்செவல்.
2.5.2025

அழகிக்கு இன்னாசி சொல்லிக்கிறது.

நீன்னு எழுதியிருக்கன்னு பிரகதீஸ்வரி தயங்கித் தயங்கிப் படிச்சுச்சு. படி, அதுல தப்பில்லைன்னேன்.

அய்யா அந்த வார்த்தை சொன்னப்ப வீட்டுக்குள்ள இருந்தது ஆறு பேரு. சொல்றேன்.

ஆத்தா தலைமாட்டுல இருந்துச்சு. திருச்சியில காவேரி ஊருக்குள்ள வந்த வருசம், கார்த்திகையில செத்துச்சு.

உபதேசியாரு ஞானப்பிரகாசம் செபம் சொல்ல வந்திருந்தாரு. கடலு பொங்கி வேளாங்கண்ணியில சனம் செத்துச்சே, அது நடந்து நாப்பதாம் நாளு அவரு போனாரு. எங்கிட்ட அதை ஒருநாளும் வாய் தெறந்து கேட்டதில்ல. பூசையில எதுக்க நின்னா மூஞ்சியத் திருப்பிக்குவாரு.

பெரியண்ணன் ஆரோக்கியதாசு கால்மாட்டுல நின்னாரு. கஜாப் புயல்ல அவரு தோப்புல தென்னை ஒண்ணு பாக்கியில்லாம விழுந்துச்சு. விழுந்த மரத்து மேல ரெண்டு நா உக்காந்திருந்தாரு. மூணாம் நா எந்திரிக்கல.

என் பெஞ்சாதி தெரசு கஞ்சி வச்சுக்கிட்டு நின்னா. கொரோனா ரெண்டாவது தடவ வந்தப்ப. அவளுக்கு மண்ணுப் போட எங்களையே விடல. மூடி கட்டி ஆஸ்பத்திரி ஆளுக போட்டாக. ஒன்னத் தடுத்த கை இது. அன்னைக்கு ஆஸ்பத்திரிக்காரன் மறிச்சுக் கட்டுன கயித்துக்கு அந்தப் பக்கம் சும்மா தொங்கிக்கிட்டு நின்னுச்சு. அவ சாகுற வரைக்கும் வருசத்துக்கு ஒருக்க, "அழகிக்கு எழுதிருங்க"ன்னு சொல்லுவா. மறுபடி சொல்லாதன்னு கைய ஓங்குவேன்.

அஞ்சாவது ஆளு ஒனக்கு ஞாபகம் இருக்காது. கம்பவுண்டர் ஆத்மநாதன். ஆவுடையார்கோவில் பக்கத்து ஆளு, அப்ப எளந்தாரி, அரிமளத்துல வேல. அய்யாவுக்கு ஊசி போட வந்திருந்தாரு. அதுக்கு ரெண்டு நா முந்தி வந்தப்பவும் அய்யா உன் பேரச் சொல்ல, ஊசிய வேக வச்சுக்கிட்டு நின்னவரு, "மகளா? யாராச்சும் தந்தி அடிச்சீகளா?"ன்னு அவருதான் கேட்டது. ஒனக்குத் தந்தி அடிச்சதே அவரு சொல்லித்தான். நம்ம சாதியில்ல, நம்ம சாமியில்ல, அவருக்கு எந்தக் கொல்லையும் வரப்போறதில்ல. அவரு சொன்னா நீ நம்புவ.

உன் காயிதம் வந்த மறுவாரம் அவரத் தேடிப் போனேன். சுபா விடமாட்டேன்னு சொன்னுச்சு. "மாமா, இந்த வெயில்ல எங்க போறீங்க, காது வேற கேக்காது, பஸ்ஸுக்காரன் கத்துனாலும் தெரியாது"ன்னு வாசல்ல நின்னு மறிச்சுச்சு. ஆத்திர அவசரம்னு போயிட்டேன். அறந்தாங்கி போயி, அங்கிட்டிருந்து ஆவுடையார்கோவிலு. தேரடியில விசாரிச்சேன், கைய நீட்டிக் காட்டுனாக. வீட்டக் கண்டுபிடிச்சுட்டேன்.

வாசல்ல அவரு படம், அன்னாடம் மாத்துற மாலை காயாம இருந்துச்சு.

மக வந்து உக்காரச் சொன்னா. என் காதுகிட்டக் குனிஞ்சு சொன்னா. மாசி மகத்துக்கு மறுநா போனாராம். படுக்கையில ஒரு நாளும் கெடக்கலையாம். "கடைசி வரைக்கும் அப்பாவுக்கு நெனப்பு அப்படியே இருந்துச்சு. யாரு யாருக்கு எந்த ஊர்ல ஊசி போட்டோம், என்ன சொன்னாங்க, எல்லாம் சொல்லுவாக. நெடுஞ்செவல்னு ஒரு ஊரு பேரு கூடச் சொல்லுவாக"ன்னா. என்ன சொல்லுவாருன்னு கேட்டேன். அது தனக்குத் தெரியாது, தான் சரியாக் கேட்டுக்கிட்டதில்லைன்னா.

மாசி மகம். நீ என்னைக் கேட்டது கார்த்திகையில. நான் ஒனக்கு டிரம்முல எரு போடச் சொல்லிக் குடுத்தது மார்கழியில. நீ மறுபடி கேட்டது தையில. அந்த மூணு மாசமும் அந்த ஆளு அந்த வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திருந்திருக்காரு. நான் வேப்பமரத்தடியில ஆளு இருக்கா இல்லையான்னு பாத்துக்கிட்டிருந்தேன்.

நீ ஒரு பேரு கேட்ட. அம்பது வருசத்துல எந்த வருசம் வேணும்னாலும் நான் ஒனக்கு ஒரு பேராச்சும் சொல்லியிருக்கலாம். போன பொங்கலுக்குக்கூட ஒருத்தரு இருந்தாரு.

அய்யா ஒன்னத் தேடுனாரு அழகி. மூணு தடவ. அது நெசம். அதைச் சொல்றதுக்கு, அன்னைக்கு அந்த வீட்டுக்குள்ள இருந்த ஆறு பேர்ல உசுரோட மிச்சம் இருக்கிறது இன்னாசி.